சங்க எல்லைக்குள் ஒரு பிரசவம்

1937-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் இருபத்தொன்றாம் தேதி, வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு, மேனாம்பேட்டில் நடந்த அம்பத்தூர் பிர்க்கா ஏழைத் தொழிலாளர் பிரசவ சேமநிதிச் சங்கத்தின் விசேஷக் கூட்டத்தில் ஆஜரானவர்கள்:

தலைவர் மணவாள முதலியார். ராவ்சாகிப் பட்டத்துக்கு மூன்று தடவை சிபாரிசு செய்யப்பட்டவர்.

பொக்கிஷதார் தசரதன். மேனாம்பேட்டுச் செங்கல் சூளைக்குச் சொந்தக்காரர்.

காரியதரிசி ஜெயராமன். ஆரம்பப் பள்ளியின் தலைமை உபாத்தியாயர்.

காலஞ்சென்ற சக்கரவர்த்தி. படமாக. ஆள் போதாத நாட்களில் கணக்கில் சேர்த்துக்கொள்ளப்படுவார்.

சங்கத்தின் சேவகன் கன்னியப்பன்.

அங்கத்தினன் துலுக்கானம். நின்றபடி.

அவன் மனைவி அங்கம்மா. வயது பத்தொன்பது, மாதம் ஒன்பது. வாசற்படியில் உட்கார்ந்தபடி.

அவள் தாய் குப்பம்மா. அழைப்பில்லாமல் வந்தவர், சத்தத்தினால் ஆஜர் என்று குறிக்கப்பட்டவர்.

அங்கம்மாவின் வயிற்றில் இருந்ததை ஆஜர் பட்டியலில் சேர்க்கவில்லை. அதன் பேரில் இன்னும் மனு வரவில்லை என்று காரியதரிசி சொன்னார்.

சங்கத்தின் நோக்கம் உயர்ந்தது. ஏழைகள் பிள்ளை பெறுவதற்கு முன்னால் யோசிப்பதில்லை; ஆகவே அவர்களுக்காகச் சங்கம் யோசிக்கும். தசரதனின் சூளையில் கல் அறுக்கிறவர்கள் எல்லோரும் அதில் அங்கத்தினர்கள். சேர்ந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. சேராதவனுக்குச் சூளையில் வேலை இல்லை, அவ்வளவுதான். சனிக்கிழமை கூலியில் இரண்டணாவைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பார்கள். முதல் பிள்ளை பிறக்கும் சமயத்தில் பிடித்தது முழுவதும் கைக்கு வரும். சங்கம் ஆரம்பித்து ஏழு வருஷம் ஆகியிருந்தது.

துலுக்கானத்திடம் அறுபது வாரம் பிடித்திருந்தார்கள். ஏழு ரூபாய் எட்டணா.

கல் அறுப்பது ஜோடி வேலை. புருஷன் மண்ணை மிதித்து அச்சில் அடிப்பான். பெண்சாதி தூக்கிக்கொண்டு போய்க் காயவைப்பாள். அங்கம்மாவால் குனிய முடியாமல் போனதும் கூலி பாதியாயிற்று. ஐப்பசியில் மழை பிடித்ததும் அந்தப் பாதியும் நின்றுவிடும். ஏரி மண் தண்ணீருக்குள் போய்விடும். தை மாதம் வரைக்கும் சூளை மூடிக் கிடக்கும். பிள்ளை பிறக்கவேண்டியது கார்த்திகைத் தொடக்கத்தில்.

மழைக்காலத்தில் சாப்பிடுவதற்கு மேனாம்பேட்டில் ஒரே வழி, தசரதனிடம் முன்பணம் வாங்குவது. முன்பணம் வாங்கியவன் மறு தையிலிருந்து அரைக்கூலிக்கு அறுக்கவேண்டும். துலுக்கானத்தின் அப்பன் ஒரு மழைக்கு வாங்கிய முன்பணத்தை, அவன் செத்த பிறகு, துலுக்கானம் பன்னிரண்டு வயதிலிருந்து இருபத்துமூன்று வயது வரைக்கும் அறுத்துத் தீர்த்தான். அது தீர்ந்து முழுக்கூலி வந்த பிறகுதான் அவனிடம் சங்கத்துக்கு இரண்டணா பிடிக்க ஆரம்பித்தார்கள். இன்னொரு தரம் அந்தக் கல்லை அறுப்பதில்லை என்று புருஷனும் பெண்சாதியும் பேசிவைத்திருந்தார்கள்.

அங்கம்மா விரல்விட்டுச் சொன்ன திட்டம் இதுதான்: மருத்துவச்சி ராஜம்மாவுக்கு ஒரு ரூபாய். பிள்ளை பெற்றவள் தின்னும் மருந்துக்கு, சுக்கு, மிளகு, கருப்பட்டி, நல்லெண்ணெய் எல்லாம் சேர்த்து, ஒன்றரை ரூபாய். தை வரைக்கும் நொய்யரிசிக்கு ஐந்து ரூபாய். ஆக ஏழரை. பிள்ளைக்குத் துணி, அவளுடைய பழைய சேலை. முன்பணம் தேவையில்லை.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை துலுக்கானம் சங்கத்துக்குப் போனான்.

"பணம் எடுக்கணும் சார்."

ஜெயராமன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். ஏழு வருஷத்தில் பிள்ளை பிறப்பதற்கு முன்னால் வந்து அவரிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

"எந்தப் பணம்?"

"என் பணந்தான். சம்சாரம் முழுவாம கீறா."

"உன் பணம் என்று இங்கே ஒன்றும் கிடையாது. சங்கத்தின் பணம் இருக்கிறது. அது உன் பெயரில் இருக்கிறது. வித்தியாசம் புரிகிறதா?"

"இல்ல சார்."

"அதனால்தான் சங்கம் தேவைப்படுகிறது. சரி, அவள் கர்ப்பமாக இருக்கிறாள் என்பதற்கு அத்தாட்சி என்ன?"

"வயிறு கீது சார்."

"வயிற்றை ஃபைலில் வைக்க முடியுமா? கிராம முன்சீபிடம் சர்டிபிகேட் வாங்கி வா."

கிராம முன்சீப் எத்திராஜ் நல்ல மனிதர். ஆனால் அவரிடம் நான்கு வகை அச்சடித்த பாரங்கள்தான் இருந்தன: நிலம், பிறப்பு, இறப்பு, கால்நடை. பிறப்புப் பாரத்தில் எழுதலாம் என்றால் இன்னும் பிறக்கவில்லை. வெள்ளைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் செல்லாது. அவர் வெகுநேரம் யோசித்துவிட்டுக் கால்நடைப் பாரத்தை எடுத்தார்.

"இதிலேதான் சினை என்று ஒரு கலம் இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதே."

"எனக்கு இன்னா சாமி கோவம்? எய்துங்க."

நிறம் என்ற இடத்தில் கறுப்பு என்று எழுதினார். கொம்பு என்ற இடத்தில் இல்லை என்று எழுதினார். சுழி என்று ஒரு கலம் இருந்தது. துலுக்கானம் வீட்டுக்கு ஓடிப்போய்க் கேட்டுக்கொண்டு வந்தான். தலையில் இரண்டு.

காரியதரிசி அந்தப் பாரத்தை முன்னும் பின்னும் பார்த்தார். முத்திரை இருந்தது. முத்திரை இருக்கிற காகிதத்தை அவர் ஜன்மத்தில் மறுத்ததில்லை. பெருமூச்சு விட்டு அடுத்த கேள்விக்கு வந்தார்.

"பிரசவம் எந்த ஊரில்?"

"தலச்சன் புள்ள சார். தாயூட்லதான். திருநின்றவூரு."

ஜெயராமன் முகம் தெளிந்தது. கண்ணாடியை எடுத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார். விதிப்புத்தகத்தைத் திறந்து, பலமுறை திறந்து பழகிய பக்கத்தில் விரலை வைத்தார்.

"விதி பதினான்கு. பிரசவம் சங்கத்தின் எல்லைக்குள் நிகழவேண்டும். திருநின்றவூர் நம் பிர்க்காவில் இல்லை. வெளியில் நிகழ்ந்தால் கட்டிய தொகை சங்கத்தின் பொது நன்மைக்குச் சேரும்."

"அப்ப ரெண்டாவது புள்ளைக்கு?"

"விதி பதினொன்று. முதல் பிள்ளைக்கு மட்டும். இரண்டாவது பிள்ளை ஆடம்பரம்."

மேனாம்பேட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஒருவருக்கொருவர் பங்காளிகள். பெண் எடுப்பது வெளியூரில். தலைப்பிரசவத்துக்கு ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ தாய் வந்து, வளையல் போட்டு, பெண்ணை அழைத்துக்கொண்டு போய்விடுவாள். இந்த வழக்கம் எல்லோருக்கும் தெரியும். விதிகளை எழுதிய தலைவர், பொக்கிஷதார், காரியதரிசி மூவரும் இந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள். மூவருடைய மனைவிமாரும் தலைச்சனை வெளியூரில் பெற்றவர்கள். எனவே விதிகளை அவர்கள் ஊர் நிலவரம் தெரியாமல் எழுதிவிட்டார்கள் என்று யாரும் குறை சொல்ல முடியாது.

சூளையில் துலுக்கானம் இதைச் சொன்னபோது வீராசாமி சிரித்தான். பக்கத்து அச்சில் அறுப்பவன், மூன்று பிள்ளைக்காரன்.

"இப்பத்தான் கண்ட்டுபுட்ச்சியா மாமே? எம்புள்ள அரக்கோணத்துல பொறந்துச்சி. எட்டு ரூவா பூட்ச்சி. சங்கத்துல ஒரு பெஞ்சி போட்டுக்கீறானுங்களே, அத்துல ஒரு காலு என்து."

"நீ கேக்கலியா?"

"கேட்டேனே. குந்திக்கடா, ஒன் பெஞ்சிதானன்னாரு வாத்தியாரு. குந்துனேன். அப்பால எய்ந்து வந்துட்டேன்."

துலுக்கானம் மூன்று நாள் யோசித்தான். மண்ணை மிதித்துக்கொண்டே யோசித்ததனால் அந்த மூன்று நாளும் மண் நன்றாகக் குழைந்தது. நான்காம் நாள் அங்கம்மாவிடம் சொன்னான். "இங்கியே பெத்துக்கோ மே."

"எங்கம்மா ஒன்ன கொன்னுடும்."

"அத்து கொன்னா ஒரே நாள்ல செத்துடலாம்."

திருநின்றவூருக்கு ரயிலில் போனான். குப்பம்மா களத்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்த விதவை, ஒரே பெண். வளையலும் கட்டுச்சோற்றுக்கு அரிசியும் வாங்கிவைத்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அரிசிப் பானையின் மூடியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"தலச்சன் புள்ளைய புருசன் ஊட்ல பெக்கிறதா? ஊர்ல இன்னா சொல்வாளுங்க? ஆத்தாகாரி செத்துட்டாளான்னு கேப்பாளுங்க!"

"ஏழு ரூவா எட்டணா அத்தே."

"ஏழு ரூவாய்க்கு எம் மூஞ்ச விக்கச் சொல்றியா?"

"உன் மூஞ்சிய விக்கலன்னா, நான் தசரதன்கிட்ட கைநாட்டு வெக்கணும். அப்பால உம் பேரப்புள்ள பன்னெண்டு வயசுல அந்தக் கல்ல அறுப்பான்."

குப்பம்மா மூடியைப் பானைமேல் வைத்தாள். பிறகு, "அப்ப நான் அங்க வரேன். தாய் எங்க கீறாளோ அத்தான் தாயூடு. எவ கேக்கறான்னு பாப்பம்" என்றாள்.

புரட்டாசிக் கடைசியில் மூட்டை, அம்மி, ஒரு கோழி எல்லாவற்றுடனும் மேனாம்பேட்டுக்கு வந்து சேர்ந்தாள். துலுக்கானத்தின் குடிசையில் தன் பானையை அடுப்பில் ஏற்றினாள். தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் பெண்கள் ஒருமாதிரிப் பார்த்தார்கள். குப்பம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நாலு பேர் காதில் விழும்படி சொன்னாள்: "நான் இங்க கீறேன். இத்தான் இனிமே என் பொண்ணுக்குத் தாயூடு. பாத்துக்கங்க!"

கேட்டவர்களில் ஒருத்தி சேவகன் கன்னியப்பனின் மனைவி. மறுநாள் காலையில் கன்னியப்பன் ஒரு நோட்டீசைக் கொண்டுவந்து கொடுத்தான். துலுக்கானத்துக்கு வாசிக்கத் தெரியாது. கன்னியப்பனுக்கும் தெரியாது. ஆனால் காரியதரிசி சொன்னதை அவன் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தான்.

"அண்ணாத்தே, விசயம் இன்னான்னா, உன் குடிசை இப்ப திருநின்றவூர்ல கீது."

"எங்க?"

"திருநின்றவூர்ல. உங்க அத்தே அவங்க வாயாலயே இத்து தாயூடுன்னு சொல்லிட்டாங்களாம். சங்கத்து ஏட்டுல தாயூடு திருநின்றவூர்னு எய்திக்கீது. அப்ப இந்த ஊடும் அங்கதான். வியாயக்கெயம மீட்டிங்கு. வா."

துலுக்கானம் குடிசையைத் திரும்பிப் பார்த்தான். அது இருந்த இடத்திலேயே இருந்தது. மழைத் தூற்றல் ஆரம்பித்திருந்தது.

அந்த மீட்டிங்தான் இது.

முதலில் தலைவர் பேசினார். மணவாள முதலியார் நின்றுகொண்டு பேசுகிறவர். கேட்கிறவர்கள் ஆறு பேரானாலும் அறுநூறு பேரானாலும் குரல் ஒன்றுதான்.

"சகோதரர்களே! இந்த ஏழு வருஷத்தில் இந்தச் சங்கத்தை விட்டு ஒரு தம்படிகூட வெளியே போனதில்லை. போன வருஷம் கணக்குப் பார்க்க வந்த அதிகாரி என்ன சொன்னார் தெரியுமா? 'இத்தனை பேர் பிள்ளை பெற்றும் பணம் குறையாத பிரசவ நிதியை நான் எங்குமே கண்டதில்லை' என்றார். அந்தப் பெயரை நாம் ஏழு ரூபாய் எட்டணாவுக்காக இழக்கலாமா? ஏழையின் கையில் பணம் இருந்தால் அரிசி வாங்கிவிடுகிறான். அரிசியைத் தின்றுவிடுகிறான். பிறகு என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. அதே பணம் நம் கையில் இருந்தால் அப்படியே இருக்கிறது. இதற்குப் பெயர்தான் சேமிப்பு. சேமிப்பு என்றால் எடுப்பதற்கு என்று இந்தத் துலுக்கானத்துக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். வருத்தமாக இருக்கிறது."

காரியதரிசி மட்டும் கை தட்டினார். தசரதன் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார்.

"ஐயா," என்றான் துலுக்கானம், "புள்ள இங்கதான் பொறக்கப்போவுது. எங்க வந்து வேணும்னாலும் சொல்றேன்."

"நீ சொல்வாய்," என்றார் ஜெயராமன். "ராத்திரியோடு ராத்திரியாக அவளைத் திருநின்றவூருக்குக் கொண்டுபோய்ப் பெற வைத்துவிட்டு, விடிவதற்குள் திரும்ப வந்து இங்கே பிறந்தது என்றால், நாங்கள் எப்படிக் கண்டுபிடிப்பது? குழந்தையைக் கேட்க முடியுமா?"

"பெத்த ஒடம்போட ரயிலேத்திகினு வருவனா சார்?"

"ஏழு ரூபாய் எட்டணாவுக்கு மனிதன் எதுவும் செய்வான்," என்றார் தலைவர். நாற்பது ஏக்கர் நிலத்துக்காகத் தம்பியின் மேல் மூன்று கேஸ் நடத்திக்கொண்டிருந்தவர் என்பதனால் அவருக்கு மனித சுபாவம் தெரிந்திருந்தது.

வாசலிலிருந்து குப்பம்மா கத்தினாள். "நான் ஒரு பேச்சுக்கு சொன்னேன்யா! தாயூடுமில்ல, ஒண்ணுமில்ல! நான் இப்பவே பானைய தூக்கிகினு போயிடறேன்!"

"இதையும் எழுதிக்கொள்ளுங்கள்," என்றார் தலைவர். "வாக்கு மாறுகிறார்."

தசரதன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து முதல்தடவையாக வாயைத் திறந்தார். அவர் கத்துகிறவர் அல்ல.

"ஏன் அந்தப் பிள்ளையைக் கஷ்டப்படுத்துகிறீர்கள்? நம்ம ஆள். அப்பன் காலத்திலிருந்து நம்ம சூளை. ஏதாவது வழி பண்ணுங்கள்." பிறகு துலுக்கானத்தைப் பார்த்தார். "இல்லையென்றால் விடுடா. பத்து ரூபாய் முன்பணம் தருகிறேன். இப்போதே வாங்கிக்கொண்டு போ. பத்திரம் கையிலேயே இருக்கிறது."

பத்திரம் உண்மையாகவே கையில் இருந்தது.

"வாணாம் மொதலாளி."

"ரோஷம்!" என்று தசரதன் மற்றவர்களிடம் சொன்னார். அதில் கோபம் இல்லை.

காரியதரிசி தீர்மானத்தை வாசித்தார். முன்னாலேயே எழுதி வைத்திருந்தது. இடையில் வாக்குவாதம் நடந்ததனால் அதில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

"அங்கத்தினன் துலுக்கானத்தின் மனைவியை, பிரசவம் சங்க எல்லைக்குள் நிகழ்வதை உறுதி செய்யும்பொருட்டு, சங்கக் கட்டடத்தின் பின்னறையில் சங்கத்தின் பாதுகாப்பில் வைப்பது. அறைக்கு நாள் வாடகை நான்கணா. அதை அவன் பெயரில் உள்ள தொகையில் கழித்துக்கொள்வது. தாயார் உள்ளே நுழைந்தால் அந்த அறையும் தாய்வீடாகிவிடும் ஆதலால் அவரை அனுமதிப்பதற்கில்லை. கணவன் தங்கினால் இரட்டை வாடகை. சாப்பாட்டைக் காலையும் மாலையும் கன்னியப்பன் முன்னிலையில் ஜன்னல் வழியாகக் கொடுக்கலாம். வலி கண்டால் அந்தப் பெண் காரியதரிசிக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் கைநாட்டு வைக்கலாம். அதன்பேரில் சாவி வரவழைக்கப்படும்."

"சாவி எங்க இருக்கும் சார்?"

"பொக்கிஷதாரிடம்."

"மொதலாளி வெள்ளிக்கெயம பட்டணம் பூடுவாரே? திங்கக்கெயமதான வருவாரு?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "வெள்ளி முதல் ஞாயிறு வரை தவிர்ப்பது நலம் என்று சேர்த்துக்கொள்ளுங்கள்," என்றார் தலைவர். ஜெயராமன் சேர்த்துக்கொண்டார்.

துலுக்கானத்துக்கு எழுத்துத் தெரியாதே தவிர எண்ணத் தெரியும். நாள் முழுவதும் கல்லை எண்ணுகிறவன். ஒரு நாளைக்கு நான்கணா. நான்கு நாளைக்கு ஒரு ரூபாய். மருத்துவச்சி ராஜம்மா முந்தாநாள் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, இன்னும் முழுசாய் ஒரு மாதம் என்றாள். முப்பது நாளைக்கு ஏழு ரூபாய் எட்டணா. அவன் இரண்டு தடவை எண்ணினான். இரண்டு தடவையும் அதுவேதான் வந்தது.

"ஒரு மாசம் ஆச்சின்னா ஒண்ணும் மிஞ்சாதே ஐயா."

"சீக்கிரம் பெற்றால் மிஞ்சும்," என்றார் தலைவர் கனிவோடு. "பத்து நாளில் பெற்றால் ஐந்து ரூபாய் உனக்கு. இருபது நாளில் இரண்டரை. பார், எவ்வளவு நியாயமான ஏற்பாடு! எல்லாம் உன் பெண்சாதி கையில்தான் இருக்கிறது. சுறுசுறுப்பு, சிக்கனம், இரண்டையும் ஒரே சமயத்தில் ஏழைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறோம்."

"ஒரு மாசத்துக்கு மேல பூட்ச்சின்னா?"

"அதைப் பொக்கிஷதார் முன்பணத்தில் வைத்துக்கொள்வார். உனக்குச் சிரமம் இருக்காது."

"எனக்கு வாணாம் சார். பணமே வாணாம். பேர அட்ச்சிடுங்க. நான் இட்டுகினு போறேன்."

"போகலாம்," என்றார் ஜெயராமன். "விதி இருபத்திரண்டு. மனுக் கொடுத்துவிட்டு வாபஸ் வாங்கினால், கட்டிய தொகை பறிமுதல், அதே அளவு அபராதம். அபராதம் கூலியில் பிடிக்கப்படும்."

"சூள மூடிக்கீதே, கூலி ஏது?"

"அதனால் முன்பணத்தில்," என்றார் தசரதன். பத்திரத்தை மேஜையின் இந்தப் பக்கத்துக்கு நகர்த்தினார். மைப்பெட்டியையும் நகர்த்தினார்.

மேஜையின் அந்தப் பக்கத்தில் தீர்மானம் இருந்தது. அதிலும் கீழே ஒரு பெருவிரல் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். துலுக்கானம் இரண்டு காகிதங்களையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு இரண்டும் ஒன்றுபோல்தான் தெரிந்தன. அவன் கை எழவில்லை.

அங்கம்மா படியில் கையை ஊன்றி எழுந்தாள். எழுவதற்கு நேரமாயிற்று. உள்ளே வந்தாள், சங்கக் கூட்டத்துக்குள் ஒரு பெண் வந்தது அதுதான் முதல்தடவை. காரியதரிசி அதைக் குறித்துக்கொண்டார்.

"எந்த ரூமு சார்?"

"நீ சும்மா இரு மே," என்றான் துலுக்கானம்.

"நீ சும்மாதான நிக்கிற? வெய்யா கைநாட்டு. அந்தக் காயிதத்துல இல்ல, இத்துல." அவள் குரலைத் தாழ்த்தவில்லை. "அந்தாளுகிட்ட முன்பணம் வாங்கினா வயித்துல கீற இத்தையும் இப்பவே சூளைக்கி வித்த மாதிரி. இத்துல பத்து நாள்ல பெத்தா அஞ்சி ரூவா கீது. ராஜம்மா சொன்னா சொன்னபடியா பொறக்குது? எதுத்தூட்டுக்காரிக்கு இருவது நாள் முன்னால பொறக்கல?"

"பொறக்கலன்னா?"

"பொறக்கலன்னா அப்பால பாத்துக்கலாம். வெய்யி."

துலுக்கானம் வைத்தான். விரலைத் துடைப்பதற்குக் கன்னியப்பன் ஒரு துணியைக் கொடுத்தான். தசரதன் தன் பத்திரத்தை அவசரமில்லாமல் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

பின்னறையில் கிழிந்த சாக்குகளும் ஒரு கால் இல்லாத பிளாக்போர்டும் ஏழு வருஷத்து ரசீதுக் கட்டுகளும் கிடந்தன. கன்னியப்பன் அவற்றை ஒரு மூலைக்குத் தள்ளினான். சங்கத்தின் பதிவேடுகளைப் பிரசவத்தின்போது பாழாக்கக்கூடாது என்று ஜெயராமன் அங்கம்மாவிடம் கேட்டுக்கொண்டார். ஒரு வெள்ளைத் தாளையும் மைப்பெட்டியையும் ஜன்னலில் வைத்தார், கைநாட்டுக்கு.

குப்பம்மா பாயையும் ஒரு பழந்துணி மூட்டையையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். கன்னியப்பன் குறுக்கே கையை நீட்டினான். "ஆயா, நீ கால வெச்சா அல்லாம் கெட்டுடும்." அவள் வாசற்கட்டையிலேயே நின்று பாயை உள்ளே வீசினாள். அது விரியாமல் உருண்டுபோய் ரசீதுக் கட்டுகளின் மேல் நின்றது.

"தலச்சன் புள்ளடி," என்று மட்டும் சொன்னாள். கத்தவில்லை.

அங்கம்மா திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். "காலைல கஞ்சி கொண்டா. உப்புப் போட்டு." பிறகு உள்ளே போனாள்.

துலுக்கானம் இரண்டு எட்டு முன்னால் வைத்தான். "இரட்டை வாடகை," என்றார் ஜெயராமன். அவன் நின்றான்.

"நேரம் என்ன?" என்று தலைவர் கேட்டார்.

"ஐந்தே கால்."

"இன்றைய தேதியிலிருந்தே வாடகை எழுதுங்கள். அரை நாள் என்றெல்லாம் பார்க்கவேண்டாம்."

தசரதன் கதவை இழுத்துச் சாத்தினார். மழையில் ஊறியிருந்ததனால் அது லேசில் சேரவில்லை. கன்னியப்பன் தோளைக் கொடுத்து அழுத்தினான். தசரதன் நாதாங்கியை மாட்டிப் பூட்டைப் போட்டார். சாவியை ஒரு தடவை திருப்பினார். பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை திருப்பினார்.